நிற்கிற தண்ணீரில் எள்

2004ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் தேதி, திங்கட்கிழமை காலை 10.20 மணி. நியூ ஜெர்சி மாநிலத்தின் வடபகுதியில், கோல்டர் ஏரிப் பகுதிக்கு உரிய மரண விசாரணை அலுவலகம். விசாரணை அதிகாரி கேட்க, மொழிபெயர்ப்பாளர் திருமதி கலாவதி தமிழிலேயே எழுதிக்கொண்டது. சாட்சி தானாக வந்து சொன்னது.

என் பெயர் பசீர் அகமது, வயது 43, தகப்பனார் பெயர் காதர் மொய்தீன். சொந்த ஊர் கரூர் மாவட்டம் பள்ளப்பட்டி. தற்போது பிஸ்கட்டவே, ஹிக்கரி கோர்ட் அடுக்குமாடிக் குடியிருப்பு, எண் 14-பியில் மனைவி முனவ்வரா, மகள் நிதா ஆகியோருடன் ஆறு வருடங்களாகக் குடியிருந்து வருகிறேன். ஒரு மருந்துக் கம்பெனியில் மென்பொருள் சோதிக்கும் வேலை பார்க்கிறேன். என் மேல் இந்த நாட்டிலோ இந்தியாவிலோ எந்த வழக்கும் கிடையாது. மீன்பிடி உரிமம் வருடா வருடம் தவறாமல் எடுத்து வருகிறேன், அதன் நகலை இத்துடன் கொடுத்திருக்கிறேன்.

கடந்த ஜனவரி 21ஆம் தேதி புதன்கிழமை கோல்டர் ஏரியில் ஐஸ் உடைந்து விழுந்து இறந்துபோன குமாரசாமி, வயது 47, எங்கள் குடியிருப்பில் எதிர் பிளாக்கில் மனைவி வசந்தாமணி, மகன் கதிர் ஆகியோருடன் குடியிருந்தவர். சொந்த ஊர் காங்கயம் பக்கம். நான் அவரை அண்ணே என்றும் அவர் என்னைப் பாய் என்றும் கூப்பிட்டு ஐந்து வருடமாகப் பழக்கம். ஊரில் இருந்திருந்தால் எங்கள் இருவர் ஊருக்கும் இடையே பஸ்ஸில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது, ஆனாலும் நாங்கள் சந்தித்துக்கொண்டது பிஸ்கட்டவேயில் துணி துவைக்கும் அறையில்தான்.

சம்பவ தினத்தன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து அதிகாரி என்னை விசாரித்தார். அப்போது நான் ஆங்கிலத்தில், ஓடை விழும் இடத்துக்குப் போகக் கூடாது என்று எச்சரித்தேன், அவர் கேட்காமல் போய்விட்டார் என்று சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அது பாதிதான், மீதிப் பாதியை நான் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்காகவே இன்று விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஏரியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் மற்றது புரியாது. நான் 1996இல் மினசோட்டாவுக்கு வேலைக்கு வந்தபோது வீட்டுச் சொந்தக்காரர் ஒருவரிடம் ஐஸ் மேல் உட்கார்ந்து மீன் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். பள்ளப்பட்டியில் நான் தூண்டிலைத் தொட்டதுகூட இல்லை. இந்தப் பக்கத்து ஏரிகளில் டிசம்பர் கடைசியில் ஐஸ் பிடிக்க ஆரம்பிக்கும். ஆரம்பத்தில் கரையோரம், எட்டடி ஆழத்தில், பாசிச்செடி இன்னும் பச்சையாக இருக்கும் இடத்தில் மீன் நிற்கும். ஜனவரி பாதிக்கு மேல் செடி அழுகிவிடும், மீன் ஆழத்துக்குப் போய்விடும், ஏனென்றால் குளிர்காலத்தில் மேல் தண்ணீரைவிட அடித் தண்ணீருக்குத்தான் கொஞ்சம் சூடு அதிகம். அந்தச் சமயம் மீனுக்கு வேகம் இருக்காது, இரையை வாய்க்கு நேரே ஆட்டிக் காட்டி மாப்பிள்ளையைப் போல உபசரிக்க வேண்டும். ஐஸில் இரண்டு வகை உண்டு. கறுப்பாகக் கண்ணாடிபோல் இருப்பது கெட்டி, நான்கு அங்குலம் இருந்தால் ஆள் நடக்கலாம். வெள்ளையாக இருப்பது பனி கலந்தது, அதற்குப் பாதி பலம்தான். ஓடை வந்து விழும் வாயிலும், மதகுப் பக்கத்திலும், ஊற்று இருக்கும் இடத்திலும் எவ்வளவு குளிரானாலும் ஐஸ் மெல்லியதாகவே இருக்கும், ஓடுகிற தண்ணீர் அதை அடியிலிருந்து அரித்துக்கொண்டே இருக்கும். அதன் மேல் பனி விழுந்துவிட்டால் எல்லா இடமும் ஒரே வெள்ளை, பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கடப்பாரையால் குத்திப் பார்த்துத்தான் நடக்க வேண்டும்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரியும் என்பதில் எனக்குப் பெருமையும் உண்டு. திங்கள் முதல் வெள்ளி வரை அடுத்தவன் புரோகிராமில் ஓட்டை தேடுகிறவர், சனிக்கிழமையானால் ஏரியில் ஓட்டை போடப் போய்விடுகிறார் என்று குமாரசாமி அண்ணன் என்னைக் கேலி செய்வார். இந்த ஐந்து வருடத்தில் இரண்டு முறை என்னுடன் ஏரிக்கு வந்திருக்கிறார். இரண்டு முறையும் ஐஸ் மேல் நடக்கப் பயந்து, கரையில் காரில் ஹீட்டர் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

2003 ஜனவரியில் அவருடைய தாயார் ஊரில் இறந்துபோனார். அது சமயம் அவருக்கு விசா மாற்றும் காகிதம் பாதியில் நின்றிருந்தது, இப்போது வெளியே போனால் திரும்பி வர முடியாது என்று வக்கீல் சொன்னதால் அவர் போகவில்லை. தம்பி மாரிசாமி மயானத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, இவர் இங்கே சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். கொள்ளி வைக்கும் நேரத்தில் காலிங் கார்டு தீர்ந்து லைன் அறுந்துவிட்டது. நான் என் கார்டை எடுத்து நம்பர்களை அழுத்தி மறுபடி லைன் கிடைப்பதற்குள் அங்கே எல்லாரும் திரும்பி நடக்க ஆரம்பித்திருந்தார்கள். அவர் அழவில்லை. அதன் பிறகு பல மாதம் வரை, அந்தக் கார்டில் எத்தனை நிமிடம் மிச்சம் என்று முதலிலேயே பார்த்திருக்க வேண்டும் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அதன் பிறகு அதே வருடம் ஜூலை கடைசியில் ஆடி அமாவாசை வந்தது. அவர்கள் வழக்கத்தில் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ஆற்றுக்குப் போய், எள்ளும் பச்சரிசியும் தண்ணீரில் விட்டு, இறந்தவர்களுக்குத் திதி கொடுப்பார்கள். ஊரில் என்றால் பவானி கூடுதுறைக்குப் போவார்கள். இவர் தனியாக எங்கள் பக்கத்து ஆற்றங்கரைப் பூங்காவுக்குப் போயிருக்கிறார். சட்டையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் எள்ளை விட்டுக்கொண்டிருந்தபோது யாரோ போன் செய்து, காவலர் ஒருவர் வந்து, தண்ணீரில் என்ன கொட்டுகிறாய், பையில் என்ன இருக்கிறது என்று கேட்டு, முக்கால் மணி நேரம் கரையில் உட்கார வைத்து அடையாள அட்டையைச் சரிபார்த்து அனுப்பினார். காவலர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார் என்று அவரே சொன்னார். ஆனால் சட்டையைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கக் கூச்சமாக இருந்ததாம், அப்படியே உட்கார்ந்திருந்தாராம். அதை வசந்தாமணியிடம் சொல்லவில்லை, என்னிடம் மட்டும் சொன்னார்.

அதன் பிறகு டிசம்பரில் அவருக்கு வேலை போயிற்று. இது அதிகாரிக்குத் தெரியும், அறிக்கையிலும் எழுதியிருக்கிறார். ஜனவரி இரண்டாம் வாரம் நான் என் காரில் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது அவர் வந்து நின்றார். இருபத்தொன்றாம் தேதி தை அமாவாசை என்றும், வருடத் திதியும் கொடுக்க முடியாமல் போனது என்றும் சொன்னார். அதன் பிறகு, "ஏனுங்க பாய், நீங்க போற ஏரிப்பக்கம் யாராச்சும் வந்து ஏன் எதுக்குன்னு கேப்பாங்களாங்க?" என்று கேட்டார்.

"யாரும் கேக்க மாட்டாங்கண்ணே. அங்க அவனவன் ஓட்டை போட்டு அதுக்குள்ளயே பாத்துட்டு உக்காந்திருப்பான். நீங்களும் ஒரு ஓட்டை முன்னாடி உக்காந்தா ஃபிஷிங்னு நெனச்சுட்டுப் போயிடுவாங்க" என்று நான் சொன்னேன். அவர் சிரித்தார். ஆகவே ஏரிக்குக் கூப்பிட்டது நான். இதையும் அன்று நான் சொல்லவில்லை.

21ஆம் தேதி காலை ஆறேகால் மணிக்கு என் காரில் புறப்பட்டோம். அவர் மடியில் ஒரு துணிப்பை, அதில் எள், பச்சரிசி, தர்ப்பைப்புல், சின்னப் பித்தளைச் செம்பு, ஒரு வேட்டி இருந்தன. ஏழே முக்காலுக்கு ஏரிக்குப் போய்ச் சேர்ந்தோம். பதினான்கு டிகிரி பாரன்ஹீட், நம் ஊர்க் கணக்கில் மைனஸ் பத்து, காற்று இல்லை, வெயில் வந்துகொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு நாளாக நல்ல குளிர், அதற்கு முந்தின வாரத்தில் இரண்டு தடவை பனி விழுந்திருந்தது. நான் ஐஸைக் குத்திப் பார்த்தேன், ஏழு அங்குலம் இருந்தது. விழுந்தால் ஐஸில் குத்தி ஏறுவதற்காக, கைப்பிடி போட்ட இரண்டு ஆணிகளைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்வது எங்கள் வழக்கம். என்னிடம் இரண்டு ஜோடி இருந்தது, ஒன்றை அவர் கழுத்தில் மாட்டிவிட்டேன்.

இந்த முறை அவர் காரில் உட்காரவில்லை, என் பின்னாலேயே நடந்து வந்தார். ஏரி நடுவில் போனபோது ஐஸ் இடி இடித்ததுபோல் நீளமாகச் சத்தம் போட்டது. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நான் அவரிடம், "பயப்படாதீங்கண்ணே. சத்தம் போட்டா நல்லது, ஐஸ் கெட்டியாகுதுன்னு அர்த்தம். கூடக்கூட கேக்கும், கண்டுக்காதீங்க" என்று சொன்னேன். அது உண்மைதான், குளிர் நாளில் நல்ல ஐஸ் அப்படித்தான் சத்தம் போடும். ஆனால் மெல்லிய ஐஸ் காலடியில் கீறும் சத்தம் வேறு, அது சின்னதாக, அப்பளம் நொறுங்குகிறாற்போல் கேட்கும். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று நான் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பாதிப் பாடம் நடத்தினேன். இந்தப் பத்தொன்பது நாளில் எனக்குத் தூக்கம் வராமல் செய்வது மற்ற எதையும்விட இதுதான்.

அதன் பிறகு இருபத்திரண்டடி ஆழம் உள்ள இடத்தில் ஐந்து ஓட்டை போட்டு ஐந்து கொடித் தூண்டில் வைத்தேன். மீன் இரையை இழுத்தால் அதில் சிவப்புக் கொடி தானாக எழும்பும். ஒன்பது மணிக்குள் ஆறு மஞ்சள் பெர்ச் மீன் கிடைத்தது. அமாவாசை என்பதால் அவர் மீனைத் தொடவில்லை, வாளியிலிருந்து தள்ளியே நின்றார். அதன் பிறகு அவருக்கென்று ஆறாவதாக ஒரு ஓட்டை போட்டு, மிதந்த ஐஸ் தூளைக் கரண்டியால் அள்ளிவிட்டு, "இந்தாங்கண்ணே, உங்க கூடுதுறை" என்றேன்.

அவர் குனிந்து வெகு நேரம் பார்த்தார். அதன் பிறகு, "இது நிக்கற தண்ணிங்க பாய். எள்ளு உட்டா இங்கயேதான் கெடக்கும். ஓடற தண்ணியில உட்டாத்தான் அம்மாளுக்குப் போய்ச் சேருமுங்க" என்றார். சண்டைக்கு நிற்கிறவர் அல்ல அவர், எனக்குச் சிரமம் கொடுக்கிறோமே என்று சங்கடப்பட்டுத்தான் சொன்னார்.

அப்போது நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். "யாருண்ணே சொன்னது நிக்கற தண்ணின்னு? அதோ பாருங்க, அந்த வடகிழக்கு மூலையில ஓடை வந்து விழுது. இந்தக் குளிர்லயும் ஐஸுக்கு அடியில ஓடிட்டேதான் இருக்கும். காதை வச்சா சத்தம் கேக்கும்." கையை நீட்டிக் காட்டினேன். என் ஏரியை அவர் தேங்கின குட்டை என்று நினைத்துவிட்டாரே என்று எனக்கு ஒரு ரோஷம். அவருக்கு அந்த மூலை என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஆங்கிலத்தில் நான் கொடுத்த வாக்குமூலத்தில் எச்சரித்தது மட்டும் இருக்கிறது. எச்சரிப்பதற்கு முன்னால் வழி காட்டியதும் நானேதான்.

அதன் பிறகு அவரை அந்தப் பக்கம் கூட்டிப் போனேன். நாலு அடிக்கு ஒரு தடவை கடப்பாரையால் குத்திக்கொண்டே போனேன். ஆறு அங்குலம், ஐந்தரை, ஐந்து. ஐந்து அங்குலத்தில் நின்றேன். அங்கிருந்து ஓடைவாய் அறுபது அடி தூரம், அங்கே ஒரு கட்டில் அகலத்துக்கு ஐஸ் பிடிக்காமல் கறுப்பாகத் தண்ணீர் தெரிந்தது. நின்ற இடத்தில் ஒரு ஓட்டை போட்டேன். கடப்பாரையைப் பனியில் நட்டுவிட்டு, "இதுக்கு அந்தப் பக்கம் ஒரு அடி கூட வைக்காதீங்க" என்றேன். அவர், "செரிங்க பாய்" என்றார். அவர் முடிக்கிற வரை கூடவே நிற்பதாகச் சொன்னேன், அவரும் தலையாட்டினார்.

மணி ஒன்பதே முக்கால் இருக்கும். அவர் பேன்ட்டுக்கு மேல் வேட்டியைக் கட்டினார். அதன் பிறகு கழுத்தில் இருந்த ஆணிக் கயிற்றைக் கழற்றினார். அதன் பிறகு ஜாக்கெட், ஸ்வெட்டர், சட்டை, பனியன் கழற்றி மடித்து வைத்தார். வாட்சையும் பர்சையும் ஷூவுக்குள் வைத்து, ஷூக்களைக் கடப்பாரைப் பக்கத்தில் ஜோடியாக வைத்தார். ஜுரம் வந்துவிடும் சீக்கிரம் முடியுங்கள் என்றேன். அவர், மார்கழியில் பவானித் தண்ணீரும் இப்படித்தான் இருக்கும் என்று பொய் சொன்னார்.

அப்போது எங்கள் தூண்டில்களில் ஒன்றில் கொடி எழும்பியது. நூற்றைம்பது அடி தூரம் இருக்கும். கொடி எழும்பினால் ஓட வேண்டும், இல்லாவிட்டால் மீன் இரையைத் துப்பிவிடும். எட்டு வருடப் பழக்கத்தில் என் கால் என்னைக் கேட்கவில்லை. ஓடினேன். பின்னால் அவர் தாயார் பெயரைச் சொல்ல ஆரம்பித்தது கேட்டது. மண்டியிட்டு நூலைக் கையில் பிடித்தபோது பெரிய மீன் என்று தெரிந்தது. அதை இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. ஐஸ் சத்தம்தான், நல்ல சத்தம்தான் என்று நினைத்துத் திரும்பவில்லை. அவருக்கு நடத்திய பாடத்தை நானும் நம்பினேன். மீன் ஓட்டைக்கு வந்து நூலை அறுத்துக்கொண்டு போன பிறகே திரும்பிப் பார்த்தேன். கடப்பாரை நின்றது. துணிகள் இருந்தன. அவர் இல்லை.

அதன் பிறகு நடந்ததை முன்பே சொல்லியிருக்கிறேன். நான் கயிற்றுடன் ஓடி, கடப்பாரையைத் தாண்டியதும் படுத்து ஊர்ந்து போனேன். கறுப்புத் தண்ணீருக்கு இந்தப் பக்கம் ஐஸ் உடைந்திருந்தது. அவர் தலை ஒரு முறை தெரிந்தது, கயிற்றை வீசினேன், அவர் கை கயிற்றின் மேல் பட்டது, விரல் மடங்கவில்லை. என் முழங்கைக்குக் கீழும் ஐஸ் போய்விட்டது. தூரத்தில் தூண்டில் போட்டிருந்த ஒரு வெள்ளைக்காரர் 911க்குப் போன் செய்துவிட்டு ஓடி வந்து என் காலைப் பிடித்து இழுத்தார். மீட்புப் படையினர் வந்து அவரை எடுக்க இருபத்தாறு நிமிடம் ஆயிற்று. பகல் 12.50க்கு ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

பிப்ரவரி 5ஆம் தேதி அவர் வீட்டில் பதினாறாம் நாள் காரியம் நடந்தது. நானும் முனவ்வராவும் போயிருந்தோம். காரியம் முடிந்ததும் கதிர் என்னைப் பார்க்கிங்குக்குக் கூட்டிப் போனான். அவனுக்கு வயது 15. தமிழ் நன்றாகப் புரியும், பேசுவது ஆங்கிலம். அவன் கையில் இந்த அலுவலகத்தின் முதல் அறிக்கை நகல் இருந்தது. அதில் வேலை இழந்ததும், எச்சரிக்கையை மீறியதும், ஷூ, பர்ஸ், வாட்சைக் கழற்றி ஒழுங்காக வைத்ததும், உயிர் காக்கும் ஆணிகளைக் கழற்றியதும், வெறுங்காலோடு நேராகத் திறந்த தண்ணீரை நோக்கி நடந்ததும் எழுதி, தெரிந்தே உயிரை விட்டிருக்கலாம் என்று முடித்திருந்தது. அப்பா வேண்டுமென்றே போனாரா அங்கிள், என்று அவன் ஆங்கிலத்தில் கேட்டான். அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, தான்தான் படித்துச் சொல்ல வேண்டும், இன்னும் சொல்லவில்லை என்றும் சொன்னான். இருபதாம் தேதி அவர்கள் இருவரும் அஸ்தியுடன் கோயமுத்தூருக்குப் போகிறார்கள். அங்கே கேட்கிறவர்களுக்கு என்ன சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. நான் அவனிடம் இல்லை என்றேன். எப்படித் தெரியும் என்றான். அதற்குப் பதில் சொன்னால் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்பதால், முனவ்வராவைக் கூப்பிட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து வக்கீலிடம் பேசினேன். ஏப்ரலில் எனக்குக் குடியுரிமை நேர்காணல் இருக்கிறது, இப்போது நீங்களாகப் போய் எதையும் சொல்ல வேண்டாம் என்றார். முனவ்வராவிடம் கேட்டேன். "சொன்னா உங்க மேல வரும். சொல்லாட்டி அந்தப் புள்ள தலையில எறங்கும். அதுக்கு மேல என்னக் கேக்காதீங்க" என்றாள். அதன் பிறகு அவள் நிதாவுக்குத் தலை பின்னப் போய்விட்டாள்.

ஆகவே அறிக்கையில் உள்ளவற்றுக்கு என் பதிலை எழுதிக்கொள்ளவும். எங்கள் நாட்டில் ஷூ போட்டுக்கொண்டு யாரும் பெற்றவளுக்குத் திதி கொடுப்பதில்லை. ஆற்றங்கரைக்குப் போகிற ஒவ்வொருவரும் செருப்பை விட்டு, சட்டையைக் கழற்றி மடித்து, பர்சை எங்கேயாவது பத்திரமாக வைத்துவிட்டுத்தான் தண்ணீரில் இறங்குவார்கள். நான் வேறு மார்க்கத்தைச் சேர்ந்தவன், எனக்கே அது தெரியும். திரும்பி வராதவனுக்குப் பர்சைப் பத்திரப்படுத்தத் தேவையில்லை. ஆணிக் கயிறு கழுத்தில் இருந்ததால் சட்டைக்கு முன்னால் அதைக் கழற்றினார். சட்டையோடு அதையும் திரும்ப மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார், நான் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

அன்று ஏரியில் எடுத்த படங்களை அதிகாரி இன்று எனக்குக் காட்டினார். ஏழாவது படம் நான் அவருக்காகப் போட்ட கடைசி ஓட்டை. அதன் மேல் மெல்லியதாக ஐஸ் படிந்து, அதற்குள் கறுப்புப் புள்ளிகள் தெரிகின்றன. குப்பை என்று கீழே எழுதியிருக்கிறது. அது குப்பை இல்லை, எள். பக்கத்தில் வெள்ளையாக இருப்பது பச்சரிசி. அவர் என் பேச்சைக் கேட்டு, கடப்பாரைக்கு இந்தப் பக்கமே நின்று, அந்த ஓட்டையில்தான் முதலில் விட்டிருக்கிறார். அது போகவில்லை, விட்ட இடத்திலேயே நின்றிருக்கிறது. ஒரு வருடமாகக் காத்திருந்தவர் அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாரோ எனக்குத் தெரியாது, நான் மீன் இழுத்துக்கொண்டிருந்தேன். அறுபது அடி தூரத்தில் ஓடுகிற தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிறது. அது ஓடுகிறது என்று சொன்னவன் நான். ஐஸ் சத்தம் போட்டால் கண்டுகொள்ளாதே என்று சொன்னவனும் நான். எட்டாவது படத்தில் வெறுங்கால் தடங்கள் இருக்கின்றன, அவற்றின் பக்கத்தில் இரண்டு இடத்தில் தண்ணீர் சிந்தி உறைந்த கறை இருக்கிறது. அவர் கையில் அந்தப் பித்தளைச் செம்பு இருந்திருக்கிறது. அந்த ஓட்டையில் தண்ணீர் மொண்டு, மிச்ச எள்ளை அதில் போட்டுச் சிந்தாமல் எடுத்துப் போகப் பார்த்திருக்கிறார். சாகப் போகிறவர் அதைப் பார்த்துப் பார்த்துத் தூக்கிக்கொண்டு போக மாட்டார்.

அவர் மனம் உடைந்து போயிருந்தது உண்மையா என்று அதிகாரி கேட்டார். உண்மைதான். வேலை போனவர், தாய்க்குக் கொள்ளி வைக்க முடியாதவர், உடையாமல் எப்படி இருப்பார். அவர் மனதுக்கு அடியில் என்ன இருந்தது என்று நான் கடப்பாரையால் குத்திப் பார்க்கவில்லை. ஆனால் அன்று அவர் சாவதற்கு அங்கே வரவில்லை, தன் தாயாரை அனுப்பி வைக்க வந்தார். இதில் தவறு இருந்தால் அது என்னுடையது. அதை இந்த அலுவலகம் எந்தப் பெயரில் எழுதினாலும் எனக்குச் சம்மதம், அவர் பெயரில் எழுத வேண்டாம்.

மேலே உள்ளதைத் திருமதி கலாவதி எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. இதைக் கொடுக்கச் சொல்லி யாரும் என்னை வற்புறுத்தவில்லை, வேண்டாம் என்று சொன்னவர்கள்தான் உண்டு.

வாசிக்கும்போது ஒன்று விட்டுப்போனது ஞாபகம் வந்தது. மீன் விஷயம்தானே என்று சொல்லாமல் விட்டிருந்தேன், அதிகாரி கேட்டதால் சேர்க்கச் சொல்கிறேன். காலை ஒன்பது மணிக்கு ஆறு மீன் கிடைத்தபோது, அவர் வாளியிலிருந்து தள்ளி நின்றபடியே, "பெருசாப் பாத்து ரெண்ட எடுத்து வையுங்க பாய். இன்னைக்கு ஆகாதுங்க, நாளைக்கு வசந்தாமணியக் கொழம்பு வெக்கச் சொல்றேன். இதுல முள்ளு கம்மின்னு கதிரு நல்லாத் திம்பானுங்க" என்றார். நான் பெரியதாக இரண்டை எடுத்துத் தனிப் பையில் போட்டுப் பனியில் புதைத்து வைத்தேன். அன்று சாயங்காலம் என் சாமான்களை எடுத்து வந்த வெள்ளைக்காரர் அந்தப் பையையும் சேர்த்துக் கொண்டு வந்து கொடுத்தார். இரண்டும் என் வீட்டு ஃப்ரீசரில் அப்படியே இருக்கின்றன, முனவ்வரா பை மேல் கதிர் என்று எழுதி வைத்திருக்கிறாள். சாட்சியப் பொருளாக வேண்டுமென்றால் இன்றே கொண்டு வந்து ஒப்படைக்கிறேன். வேண்டாமென்றால், இருபதாம் தேதிக்குள் அவனிடம் கொடுத்துவிட அனுமதி கேட்கிறேன்.

(கையொப்பம்) பசீர் அகமது

என் முன்னிலையில் சொல்லப்பட்டு, என்னால் எழுதி வாசித்துக் காட்டப்பட்டது: (கையொப்பம்) கலாவதி, மொழிபெயர்ப்பாளர், பகல் 1.05 மணி